மந்தநிலைக்குப் பின் சுற்றுலாப் பொருளாதாரம் மீள்வது எப்படி? கேரளம் தரும் விடை

சுற்றுலாத் தலங்களில் கூட்டம் திரும்பிவிட்டது என்பதாலேயே, அவற்றை நம்பிய பொருளாதாரமும் முழுமையாக மீண்டுவிட்டதாகக் கருத இயலாது. கேரள சுற்றுலாத் துறையின் புள்ளிவிவரங்கள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

கேரளத்தின் மொத்த உற்பத்தியில் சுற்றுலாவின் பங்களிப்பு ஏறத்தாழ 10 சதவீதம் என அரசு மதிப்பிடுகிறது. ஆலப்புழையின் படகு வீடுகள், மூணாறின் தங்கும் விடுதிகள், கோவளத்தின் ஆயுர்வேத நிலையங்கள் எனப் பல தொழில்களில் ஈடுபட்டுள்ள குடும்பங்களுக்கு இதுவே வாழ்வாதாரம்.

இரு வேறு சரிவுகள்

2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் ஏற்பட்டபோது, 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சியைக் காண மூணாறு செல்லவிருந்தோரின் பயணங்கள் தடைபட்டன. நேரு கோப்பை படகுப் போட்டி நவம்பருக்குத் தள்ளிவைக்கப்பட்டது. எனினும் மீட்சி விரைவாக அமைந்தது. 2018-இல் 1.56 கோடியாக இருந்த உள்நாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை, 2019-இல் 1.83 கோடியாக உயர்ந்தது. வெளிநாட்டுப் பயணிகளும் 11.89 லட்சம் பேர் வந்தனர். வெள்ளம் சுற்றுலாத் தலங்களைப் பாதித்ததே தவிர, பயணிகளின் வருமானத்தைப் பாதிக்கவில்லை.

கரோனா பெருந்தொற்றின் தாக்கம் வேறு வகையானது. 2020-21 நிதியாண்டின் முதல் இரு காலாண்டுகளிலும் இந்தியப் பொருளாதாரம் சுருங்கியதால் நாடே மந்தநிலைக்குள் சென்றது. போக்குவரத்து முடங்கியதுடன், மக்களின் வாங்கும் திறனும் குறைந்தது. கேரளத்துக்கு வந்த உள்நாட்டுப் பயணிகள் 2020-இல் 50 லட்சத்துக்கும் கீழே சரிந்தனர். 2019-இல் 45,010 கோடி ரூபாயாக இருந்த சுற்றுலா வருவாய், 11,335 கோடி ரூபாயாக வீழ்ந்தது.

அருகிலிருந்தோர் முதலில் வந்தனர்

மீட்சி உள்நாட்டிலிருந்தே தொடங்கியது. கேரள மக்களே அம்மாநிலத்தின் முதன்மையான பயணிகள். அண்டை மாநிலங்களில் தமிழ்நாட்டின் பங்கு குறிப்பிடத்தக்கது. சொந்த வாகனத்தில் சில மணி நேரத்தில் வந்துசேரக்கூடியவர்கள் இவர்கள். 2022-இல் உள்நாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை 1.88 கோடியை எட்டி, 2019-இன் அளவைத் தாண்டியது.

வெளிநாட்டுப் பயணிகளின் வருகை அவ்வாறு மீளவில்லை. வழக்கமான சர்வதேச விமானச் சேவை 2022 மார்ச் 27-இல்தான் மீண்டும் தொடங்கியது. 2021-இல் சுமார் 60,000 ஆக இருந்த அவர்களின் எண்ணிக்கை, 2023-இல் 6.49 லட்சமாக உயர்ந்தபோதிலும், அது 2019-இன் அளவில் பாதியைவிடச் சற்றே அதிகம். 2024-இலும் 7.38 லட்சம் பேரே வந்தனர்.

இந்த வேறுபாடு வருவாயில் வெளிப்பட்டது. 2023-இல் உள்நாட்டுப் பயணிகள் 2.18 கோடி பேர் வந்தும், வருவாய் 43,621 கோடி ரூபாயாகவே இருந்தது. அதாவது, கூடுதலான பயணிகள் வந்தும் வருவாய் 2019-இன் அளவை எட்டவில்லை. இடைப்பட்ட காலத்தின் விலைவாசி உயர்வையும் சேர்த்துக் கணக்கிட்டால் இடைவெளி மேலும் விரியும். வார இறுதியில் வந்து திரும்பும் குடும்பமும், பல நாள்கள் தங்கிச் சிகிச்சை பெறும் வெளிநாட்டவரும் செலவிடும் தொகை ஒன்றல்ல.

வருவாய் உள்ளூரில் தங்க

எனவே வருகையைப் பெருக்குவதோடு, செலவிடப்படும் பணம் உள்ளூரிலேயே தங்குவதும் அவசியமாகிறது. 2008-இல் குமரகத்தில் தொடங்கிய பொறுப்புச் சுற்றுலாத் திட்டம் இதற்கு முன்னோடி. குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் விளைவித்த காய்கறிகளை அங்குள்ள விடுதிகள் கொள்முதல் செய்தன. 2017-இல் இது மாநில அளவிலான இயக்கமாக விரிவுபடுத்தப்பட்டது. புதிய இடங்களுக்குப் பயணிகளை ஈர்க்க, 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையும் அறிவிக்கப்பட்டது.

ஆயினும் இடர்கள் நீங்கிவிடவில்லை. 2024 ஜூலை 30-இல் முண்டக்கை, சூரல்மலை பகுதிகளில் நேரிட்ட நிலச்சரிவுக்குப் பின், வயநாடு மாவட்டத்தின் சுற்றுலா பெரும் பின்னடைவைச் சந்தித்தது. பயணிகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு மீட்சியை அளவிடாமல், அவர்கள் தங்கும் நாள்கள், உள்ளூர் மக்களுக்குக் கிடைக்கும் வருமானம், அடுத்த இடரைத் தாங்கும் திறன் ஆகியவற்றையும் கணக்கில் கொள்வதே முறையாகும்.