சுண்ணத் தளத்தின் சரித்திரம்

நீரில் கரைத்த ஒற்றை வர்ணத்தால், உருவங்களை விடுத்துத் தளத்தின் சொரசொரப்பையே சௌந்தரியமாக்கும் இன்றைய அரூப ஓவிய வகையொன்றுக்கு ஆதாரமான, தளம் அமைக்கும் பூர்வ வித்தையை, திருக்கோகர்ணத்தின் ஆலய விதானத்து இராமாயணச் சித்திரங்களிலும், அவற்றினும் புராதனமான சித்தன்னவாசல் சமணக் குகை ஓவியங்களிலும் காணலாம்.

9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் திருப்பணி செய்த அச்சமணக் குகையில், பாறைமேல் சுமார் 2.5 மில்லிமீட்டர் கனத்துக்கு மணல் கலந்த காரையும், அதன்மேல் 0.5 மில்லிமீட்டருக்கு மென்சுண்ணமும் பூசியிருப்பதை இரசாயன நிபுணர் எஸ். பரமசிவன் ஆராய்ந்து விளக்கினார். கரியும் காவியும் அந்தத் தளத்தில் பற்றியதாலன்றோ அங்குள்ள தாமரைத் தடாக ஓவியம் இன்றும் ஒளிர்கிறது! வர்ணத்தைப் போலவே அதைத் தாங்கும் தளத்தையும் பேணுவது நம் கடமை.