சிவிங்கியின் சங்கிலியும் வங்கப் பூனையின் வாரும்

மனிதன் பழக்கிய விலங்குகளுள் பூனை ஒரு தனிப் பிறவி. மாடு ஏருக்கு வந்தது. குதிரை சேணத்துக்கு வந்தது. நாய் வாசலுக்கு வந்து காவல் ஏற்றது. பூனையோ தானியக் களஞ்சியத்து எலியைத் தேடித் தானாகவே வந்தது; வந்த பின்னும் யாருக்கும் அடிமைச் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. அத்தகைய பூனைக் குலத்தைக் கயிற்றில் கட்டி நடத்திச் செல்லும் ஆசை மட்டும் மனிதனை விட்டு அகலவில்லை. அந்த ஆசையின் வரலாற்றில் நம் பாரத நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு காலத்தில் அரசர் கையில் அது சிவிங்கிப்புலியின் சங்கிலியாக இருந்தது. இன்று நகரத்து மாடி வீடுகளில் ‘பெங்கால்’ என்னும் புள்ளிப் பூனையின் தோள்வாராக அது காட்சி தருகிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் நாம் கற்றுக்கொள்ளத்தக்க பாடம் ஒன்று புலப்படும்.

முதலில் சிவிங்கியைக் காண்போம். ‘சித்ரகம்’ என்னும் வடசொல்லின் வழியே ‘சீத்தா’ என்ற பெயர் பிறந்து, இந்தியிலிருந்து ஆங்கிலத்துக்கும் உலக மொழிகளுக்கும் சென்றது. புள்ளி உடையது என்பது பொருள். கல்யாணியை ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரர் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய ‘மானசோல்லாசம்’ அரசரின் பொழுதுபோக்குகளை விரித்துரைக்கும் நூல். சிவிங்கியைக் கொண்டு மான் வேட்டையாடுவதும் அதில் இடம் பெறுகிறது. ஆகவே இக்கலை மொகலாயருக்கு முன்பே நம் மண்ணில் வேரூன்றியிருந்தது என்பதில் ஐயமில்லை.

எனினும் இக்கலை உச்சத்தை அடைந்தது அக்பர் சக்கரவர்த்தியின் காலத்தில்தான். அபுல் ஃபசல் எழுதிய ‘அயினி அக்பரி’ சிவிங்கிகளுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறது. முன்னாளில் ஆழமான குழி வெட்டி, மேலே புல் பரப்பி, அதில் விழும் சிவிங்கியைப் பிடித்தனர். விழுந்த வேகத்தில் பல விலங்குகளின் கால்கள் முறிந்தன. அக்பர் குழியின் ஆழத்தைக் குறைத்துத் தானே மூடிக்கொள்ளும் பொறிக் கதவு ஒன்றை அமைக்கச் செய்தார். பிடிபட்ட விலங்கைப் பழக்க இரண்டு மூன்று மாதங்கள் ஆகியிருந்த காலம் மாறி, 18 நாளில் அது வேட்டைக்குத் தயாராயிற்று என்கிறது அந்நூல். சிவிங்கிகள் எட்டு வகுப்பாகப் பிரிக்கப்பட்டன. முதல் வகுப்புக்கு நாளொன்றுக்கு 5 சேர் இறைச்சி; கடைசி வகுப்புக்கு 2¾ சேர். அரசாங்க உத்தியோகத்தில் படிநிலை இருப்பது போலவே அரண்மனைச் சிவிங்கிக்கும் படிநிலை இருந்தது!

1572ஆம் ஆண்டு நடந்த நிகழ்ச்சி ஒன்று பெயர் பெற்றது. மானைத் துரத்திச் சென்ற சிவிங்கி ஒன்று வழியிலிருந்த அகன்ற பள்ளத்தை ஒரே பாய்ச்சலில் தாண்டி இரையைப் பற்றியது. மனமகிழ்ந்த சக்கரவர்த்தி அதனைச் சிவிங்கிகளுக்கெல்லாம் தலைமை ஆக்கி, அது செல்லும்போது முன்னே முரசு முழங்க ஆணையிட்டார்.

பழக்கிய முறையும் அறியத்தக்கது. குட்டியைப் பிடித்து வளர்ப்பதை வேட்டைக்காரர் விரும்பவில்லை. தாயிடம் வேட்டை கற்ற முதிர்ந்த விலங்கே பயன்படும் என்பது அவர்கள் கண்ட உண்மை. பிடிபட்ட சிவிங்கியின் கண்களைத் தோல் மூடியால் மறைத்து, கழுத்திலும் இடையிலும் வார் பூட்டிக் கட்டிலில் கட்டி வைப்பர். ஆடவர், பெண்டிர், சிறுவர் என எல்லோருடைய குரலும் நடமாட்டமும் அதற்குப் பழகும்படி ஊர் நடுவே வைத்திருப்பர். காவலன் இரவும் பகலும் உடனிருந்து தன் கையாலேயே உணவு ஊட்டுவான். வேட்டை நாளில் மாட்டு வண்டியில் ஏற்றிச் சென்று, மான் கூட்டத்தின் அருகே கண்மூடியை அகற்றி விடுவர். மான் வீழ்ந்ததும் மரக் கரண்டியில் அதன் குருதியை ஏந்திக் காட்டி, இரையிலிருந்து சிவிங்கியைப் பிரித்து மீண்டும் வண்டியில் ஏற்றுவர். பொறுமையும் நுண்ணறிவும் மிக்க கலை இது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இந்தக் கலையின் அடியில் ஒரு பெரும் பள்ளம் இருந்தது. அதனை நமக்குக் காட்டிச் சென்றவர் அக்பரின் மைந்தர் ஜஹாங்கீர். தம் தந்தையார் ஆயிரம் சிவிங்கிகளைத் திரட்டி, அவை இணைசேர வேண்டும் என்று விரும்பிக் கழுத்துப்பட்டையைக் கழற்றித் தோட்டங்களில் உலவவிட்டும் அவை இணையவில்லை என்று அவர் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். 1613ஆம் ஆண்டு ஆண் சிவிங்கி ஒன்று தன் கழுத்துப்பட்டையிலிருந்து நழுவிச் சென்று பெண்ணுடன் கூடியது. இரண்டரை மாதம் கழித்து மூன்று குட்டிகள் பிறந்தன. இதனை அதிசயமாகவே அவர் பதிவு செய்தார். அதிசயமேதான்! மனிதர் காவலில் சிவிங்கி ஈன்ற செய்தி அதன் பின்னர் 1956இல், அமெரிக்காவின் பிலடெல்பியா விலங்குக் காட்சிசாலையிலிருந்துதான் உலகுக்குக் கிடைத்தது.

இதன் விளைவு என்ன? அரண்மனையில் ஒரு சிவிங்கி இறந்தால் அவ்விடத்தை நிரப்பக் காட்டிலிருந்து மற்றொன்றைப் பிடித்தாக வேண்டும். நூற்றாண்டு நூற்றாண்டாகக் காடு கொடுத்துக்கொண்டே இருந்தது. அரண்மனை திருப்பித் தரவே இல்லை. புல்வெளிகள் கழனிகளாக மாறின, மான் கூட்டம் அருகியது, துப்பாக்கியும் சேர்ந்துகொண்டது. 20ஆம் நூற்றாண்டில் கோல்ஹாப்பூர் போன்ற சமஸ்தானங்கள் வேட்டைக்கு வேண்டிய சிவிங்கிகளை ஆப்பிரிக்காவிலிருந்து தருவிக்கும் நிலை வந்தது. 1947இல் இன்றைய சத்தீஸ்கரில் உள்ள கொரியா சமஸ்தானத்து மன்னர் மூன்று சிவிங்கிகளைச் சுட்டு வீழ்த்தினார். அவையே இந்நாட்டின் இறுதிச் சிவிங்கிகள் என்று கருதப்படுகின்றன. 1952இல் அவ்வினம் இந்தியாவில் அற்றுப்போயிற்று என அறிவிக்கப்பட்டது. எழுபது ஆண்டுகள் கழித்து, 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகள் மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டுக்கு வந்தன. 2023 மார்ச் மாதத்தில் அங்கே நான்கு குட்டிகள் பிறந்தன. அவற்றுள் ஒன்றே பிழைத்தது. இழந்ததை மீட்பது எத்துணை அரிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி வங்கப் பூனையின் கதைக்கு வருவோம். நம் நாட்டுக் காடுகளில் வீட்டுப் பூனையின் அளவே உள்ள புள்ளிக் காட்டுப் பூனை ஒன்று வாழ்கிறது. அதனைச் சிறுத்தைப் பூனை என்பர். இமயச் சாரலிலும் வங்கத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அது உண்டு. இரவில் வேட்டையாடும், மரம் ஏறும், நீரில் நன்றாக நீந்தும். 1792இல் ஸ்காட்லாந்து அறிஞர் ராபர்ட் கெர் அதற்கு விலங்கியல் பெயர் சூட்டியபோது வங்கத்தின் பெயரையே இட்டார். காட்டுப் பூனையை ‘வெருகு’ என்று அறிந்தவர் நம் முன்னோர். மாலை நேரத்தில் வெருகைக் கண்டு அஞ்சிய மனைக்கோழி தன் குஞ்சுகளைக் கூவியழைக்கும் காட்சி குறுந்தொகையில் உண்டு. வெருகு அஞ்சத்தக்கது, அணைக்கத்தக்கது அன்று என்பதை அவர்கள் தெளிவாக உணர்ந்திருந்தனர்.

சென்ற நூற்றாண்டின் இடைப்பகுதியில் சிறுத்தைப் பூனையின் குட்டிகள் மேல்நாடுகளில் விலைக்கு விற்கப்பட்டன. தோலுக்காகத் தாய்ப் பூனைகள் கொல்லப்பட்டன. அமெரிக்காவில் ஜீன் மில் என்ற அம்மையார் இத்தகைய பூனை ஒன்றை வளர்த்துவந்தார். 1963இல் அது வீட்டுப் பூனையுடன் கூடிக் குட்டி ஈன்றது. புள்ளியழகு வீட்டுப் பூனைக்கே வாய்த்துவிட்டால் காட்டுப் பூனையை யாரும் நாடமாட்டார்கள் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் நிலைத்தது. இடையில் நின்றுபோன முயற்சியை 1980ஐ ஒட்டி அவர் மீண்டும் தொடங்கினார். பூனைகளைத் தாக்கும் இரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துவந்த டாக்டர் வில்லர்ட் சென்டர்வால் தம்மிடமிருந்த கலப்பினப் பூனைகளை அவருக்கு அளித்தார்.

இவ்விடத்தில் நம் தலைநகரம் கதைக்குள் நுழைகிறது. 1982இல் தில்லி விலங்குக் காட்சிசாலையில், காண்டாமிருகத்தின் அடைப்பில் திரிந்துகொண்டிருந்த ஊர்ப் பூனைக்குட்டி ஒன்று அவ்வம்மையாருக்குக் கிடைத்தது. பொன்னிற மேனி, அதில் புள்ளிகள், வெயிலில் மின்னும் உரோமம். அதன் வழித்தோன்றல்களே வங்கப் பூனைக்கு அந்தப் பளபளப்பை வழங்கின. பெயர் வங்கம் தந்தது. மினுமினுப்புத் தில்லித் தெருப் பூனை தந்தது! 1986இல் பன்னாட்டுப் பூனைச் சங்கம் இவ்வினத்தை ஏற்றது; 1991இல் போட்டிகளில் முழுத் தகுதி அளித்தது. முதல் மூன்று தலைமுறை ஆண் பூனைகள் பெரும்பாலும் மலடாக இருக்கும். நான்காம் தலைமுறை முதல்தான் அது வீட்டுப் பூனையாகக் கொள்ளப்படுகிறது. ஜீன் மில் 2018இல் மறைந்தார்.

சிவிங்கியின் கதைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நேயர்கள் உணர்ந்திருப்பர். அங்கே ஒவ்வொரு தலைமுறையும் காட்டிலிருந்து பறிக்கப்பட்டது. இங்கே காட்டைக் காட்டிலேயே விட்டுவிட்டு, வீட்டிலேயே தலைமுறை வளர்க்கப்படுகிறது. எனவே புள்ளிப் பூனை வேண்டுவோர் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டியது, குட்டி வந்த வழியை. காட்டிலிருந்து வந்த சிறுத்தைப் பூனைக் குட்டியை வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தாய்ப் பூனையைக் காட்ட மறுப்பவரிடம் குட்டி வாங்காதிருப்பதே முறை.

தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் அடுக்குமாடி வீடுகளில் வாழும் நம் குடும்பங்கள் சிலவற்றிலும் இப்பூனை இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. வளர்ப்போருக்குச் சில சொற்கள். இதன் குட்டி சோம்பிக் கிடக்கும் குட்டியன்று. அலமாரியின் உச்சிக்கு ஏறும். குழாய் நீரில் கை வைக்கும். விளையாட்டு கிட்டாவிட்டால் திரைச்சீலையைக் கிழிக்கும். அதனைக் குறும்பு என்று அடிப்பது பயனற்றது. வேட்டையாடப் பிறந்த உடல் வேட்டையைத் தேடுகிறது, அவ்வளவே. பதுங்குதல், துரத்தல், பற்றுதல், உண்ணுதல் என்ற நான்கும் வேட்டையின் படிகள். கயிற்று நுனியில் இறகு கட்டி நாளைக்கு மூன்று நான்கு முறை ஆட்டி, இறுதியில் அது பற்றிக்கொள்ளவிட்டு, உடனே உணவளித்தால் குட்டி நிறைவுற்று உறங்கும்.

பூனைக்குட்டி மனிதரோடு இணங்கக் கற்கும் பருவம் பிறந்த இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். அப்போது அது தாயின் அருகிலேயே இருந்து, மனிதர் கையின் மென்மையையும் அறிய வேண்டும். பன்னிரண்டு வாரம் ஆகும் வரை தாயையும் உடன்பிறப்புகளையும் பிரியாதிருப்பது நலம். கட்டிலில் கட்டி ஊர் நடுவே வைத்த அக்காலப் பழக்கம் அச்சத்தை அடக்கியது. இளமையில் ஊட்டும் இப்பழக்கமோ அச்சம் முளைக்காமலே தடுக்கிறது.

வெளியே உலவவிட விரும்புவோர் ‘ஹார்னஸ்’ எனப்படும் தோள்வாரையே கொள்ள வேண்டும். கழுத்துப்பட்டையில் கயிறு கட்டி இழுத்தால் குட்டியின் மூச்சுக்குழல் நெரியும். தோள்வாரோ மார்பிலும் தோளிலும் விசையைப் பரப்புகிறது. முதல் நாள் அதனை உணவுத் தட்டின் அருகே வைத்து முகரவிடுக. பின்னர் உண்ணும்போது முதுகின் மேல் இடுக. அதன் பிறகே பூட்டிச் சில நிமிடம் வைத்துக் கழற்றுக. வாருக்கும் உடலுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால் பின்வாங்கி நழுவிவிடும். முதன்முறை பூட்டியதும் குட்டி தரையோடு படுத்துவிடுவதும் பக்கவாட்டில் சாய்ந்து நடப்பதும் இயல்பு. அப்போது இழுக்கலாகாது, ஓர் இறைச்சித் துண்டைக் காட்டி ஓரடி நடக்கச் செய்வது போதும். வீட்டுக்குள் நாள்கணக்கில் பழகிய பின்னரே கயிறு. கயிறு பழகிய பின்னரே வெளிவாசல்.

வெளிவாசலுக்கு முன் தடுப்பூசி முடிந்திருத்தல் வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கிப் பதினாறு வாரம் வரை உரிய இடைவெளியில் இடும் ஊசிகளும், வெறிநோய்க்கான ஊசியும் இன்றியமையாதவை. தெருநாய்கள் திரியும் நேரத்தையும், கோடை வெயிலில் தரை கொதிக்கும் பொழுதையும் தவிர்க்க. நடக்கும்போது பூனை முன்னே செல்லட்டும்; நாம் பின்னே செல்வோம். நாயைப் போல நம் காலடியில் அது வராது. வரவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. சில பூனைகள் எத்தனை நாள் பழக்கினும் வாரை வெறுக்கும். அவற்றுக்கு வலையிட்ட பால்கனியும் உயரமான பலகையும் போதும்.

சுருங்கக் கூறின், சங்கிலிக்கும் தோள்வாருக்கும் உள்ள வேற்றுமை தோலிலோ நூலிலோ இல்லை. அது பிடித்திருக்கும் கையின் நோக்கத்தில் இருக்கிறது. அக்பரின் சிவிங்கிக்கு முரசு முழங்கியது. உயர்ந்த வகுப்பு கிடைத்தது. நாள்தோறும் இறைச்சி கிடைத்தது. தன் இனம் தழைக்கும் வாழ்வு மட்டும் கிடைக்கவில்லை. அன்பும் ஆடம்பரமும் அவ்வினத்தைக் காக்கவில்லை. நம் வீட்டுக் குட்டிக்கு முரசு வேண்டா. அதன் இயல்பை அறிந்து, அது வேண்டாம் என்னும்போது வாரைக் கழற்றும் பொறுமை நமக்கு இருந்தால், அதுவே அதற்குக் கிட்டும் பெரும் சிறப்பு. அதன் மூதாதையான வெருகோ, கழுத்தில் எந்தக் கயிறும் இன்றிக் காட்டிலேயே உலவட்டும்.