குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட்

குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் (பிறப்பு: 20 ஏப்ரல் 1939) நார்வே நாட்டு மருத்துவர், அரசியல் தலைவர். நார்வேயின் முதல் பெண் பிரதமர். அப்பதவியை மூன்று முறை வகித்தவர். 1998 முதல் 2003 வரை உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநராக இருந்தார்.

தந்தை குட்முண்ட் ஹார்லெமும் மருத்துவரே. தொழிலாளர் கட்சி அரசில் அமைச்சராக இருந்தவர். மகள் ஏழு வயதில் தொழிலாளர் இயக்கத்தின் சிறுவர் பிரிவில் சேர்ந்தார். 1963-இல் ஓஸ்லோவில் மருத்துவப் பட்டமும், 1965-இல் ஹார்வர்டில் பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டமும் பெற்றார். கணவர் ஆர்னே ஓலவ் எதிர்முகாமான பழமைவாதக் கட்சிக்காரர்.

ஓஸ்லோவின் பள்ளிச் சுகாதாரப் பணியில் இருந்தவரை 1974-இல் சுற்றுச்சூழல் அமைச்சராக்கினார்கள். 1977-இல் வட கடலில் பிராவோ எண்ணெய்த் துரப்பண மேடையில் கிணறு வெடித்து எண்ணெய் பீறிட்டபோது அந்நெருக்கடியை முன்னின்று கையாண்டார். 1981 பிப்ரவரியில் 41 வயதில் பிரதமரானார். அக்டோபரில் ஆட்சி கைமாறியது. 1986-இல் அவர் அமைத்த 18 பேர் கொண்ட அமைச்சரவையில் 8 பேர் பெண்கள். அன்றைய உலகில் அது புதுமை. 1989 வரையிலும், பிறகு 1990 முதல் 1996 வரையிலும் ஆட்சி நடத்தினார். 1992-இல் மகனை இழந்த துயரத்தில் கட்சித் தலைமையை விட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேண்டும் என்ற அவரது முயற்சியை 1994 பொதுவாக்கெடுப்பில் மக்கள் நிராகரித்தனர்.

ஐ.நா. 1983-இல் அமைத்த சுற்றுச்சூழல், வளர்ச்சி ஆணையத்துக்கு இவரே தலைவர். நாளைய தலைமுறையின் தேவைகளுக்குக் கேடு வராமல் இன்றைய தேவைகளை நிறைவு செய்வதே நீடித்த வளர்ச்சி என்று அதன் 1987 அறிக்கை வரையறுத்தது. 1992 ரியோ மாநாட்டுக்கு அடித்தளம் அந்த அறிக்கைதான். ஆனால் அவரது அரசே 1993-இல் வணிகத் திமிங்கில வேட்டையை மீண்டும் அனுமதித்தது. உலகமெங்கும் எழுந்த கண்டனம் நியாயமானதே.

அவருடைய பொதுவாழ்வின் உச்சம் 2003. சார்ஸ் நோய் பரவியபோது, உலக சுகாதார நிறுவனத்தின் விதிகளில் தெளிவான அதிகாரம் இல்லாத நிலையிலும், ஹாங்காங், பெய்ஜிங், டொராண்டோ போன்ற இடங்களுக்குப் பயணத்தைத் தள்ளிப்போடுமாறு எச்சரிக்கை விடுத்தார். கனடா கொதித்தது. சீனா முன்னதாகவே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்றும் வெளிப்படையாகப் பேசினார். உறுப்பு நாடுகளின் பணத்தில் இயங்கும் அமைப்பின் தலைவர் அப்படிப் பேசுவது அபூர்வம். நாடு ஆண்ட அனுபவம் தந்த துணிவு அது. ஜூலை தொடக்கத்தில் நோய் கட்டுக்குள் வந்ததாக அறிவிக்கப்பட்டது. சர்வதேசச் சுகாதார விதிகள் 2005-இல் திருத்தப்பட்டதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

2003 மே 21 அன்று புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை நிறைவேறியது. புகையிலை நிறுவனங்களின் எதிர்ப்பை மீறி அவர் முன்னெடுத்த பணி அது. சிகரெட் பெட்டிகளில் பெரிதாக எச்சரிக்கை இடம்பெற வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. இந்தியா 2004-இல் அதை ஏற்றது. நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் தொங்கும் பீடி, சிகரெட், புகையிலைப் பொட்டலங்களில் காணும் புற்றுநோய்ப் படங்களும் அந்த வழியில் வந்தவையே.

இரண்டாம் முறை பதவி நாடாமல் 2003 ஜூலையில் விலகினார். 2007-இல் நெல்சன் மண்டேலா தொடங்கிய மூத்த தலைவர்கள் குழுவில் சேர்ந்தார். 2018 முதல் உலகளாவிய ஆயத்தநிலைக் கண்காணிப்பு வாரியத்தின் இணைத் தலைவராகவும் பணியாற்றினார். வேகமாகப் பரவும் மூச்சுத்தொற்று கோடிக்கணக்கானோரைக் கொல்லக்கூடும், உலகம் அதற்கு ஆயத்தமாக இல்லை என்று அவ்வாரியம் 2019 செப்டம்பரில், கொரோனாவுக்குச் சில மாதங்கள் முன்பு, எச்சரித்தது.