மண்டபமும் கொட்டகையும்: பினாங்கு நாடக வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது?

ஜார்ஜ் டவுனின் கடலோரத் திடலைப் பார்த்தபடி நிற்கிறது டவுன் ஹால். 1879இல் அடிக்கல் நாட்டி, 1880இல் ஆளுநர் பிரெடரிக் வெல்ட் திறந்துவைத்த கட்டடம். கூடமும் மேடையும் நடன அரங்கும் அமைந்தது. ஊர்ச் சீனர்கள் அதற்கு இட்ட பெயர் ‘ஆங் மோ கொங் குவான்’, அதாவது வெள்ளைக்காரர் சங்கம். யாருக்காகக் கட்டினார்கள் என்று கேட்க வேண்டிய தேவையை அந்தப் பெயரே தீர்த்துவிடுகிறது.

பினாங்கின் நாடகத்தைப் பற்றி எழுத வருகிறவர்கள் வழக்கமாக இந்தக் கட்டடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். தூண் கண்ணுக்குத் தெரிகிறது, கல்வெட்டு இருக்கிறது, தேதி கிடைக்கிறது. ஆனால் தென்கிழக்காசிய மேடையையே திசைதிருப்பிய ஒரு நாடக வடிவம் அதே காலத்தில் இதே ஊரில், வேறிடத்தில் பிறந்தது. பினாங்கு நாடக வரலாற்றின் அலகு கட்டடமாக இருக்க முடியாது, குழுவாகத்தான் இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1870களில் இந்தியாவிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் பினாங்கில் வந்து இறங்கின. இந்துஸ்தானிப் பாட்டு, தீட்டிய படுதா, தபலா, ஆர்மோனியம். மொழி புரியாதவர்களும் திரண்டார்கள். உள்ளூர் இந்திய முஸ்லிம் வழியினரான ஜாவி பெரனாக்கான் இளைஞர்கள் அந்த மெட்டுகளை மலாய்ச் சொற்களில் பாடத் தொடங்கினர். 1885இல் மாமாக் பூஷி என்பவர் ‘பூஷி இந்திரா பங்சாவான் ஆஃப் பினாங்கு’ என்ற குழுவை அமைத்தார். ‘பங்சாவான்’ என்ற பெயர் அந்த வடிவத்துக்கே நிலைத்துவிட்டது.

பங்சாவான் மேடையைத் தமிழ் வாசகர் உடனே அடையாளம் கண்டுகொள்வார். அரண்மனைப் படுதா, காட்டுப் படுதா, தெருப் படுதா. பின்னால் காட்சி மாற்றும்வரை தெருப் படுதாவின் முன் நின்று பேசும் நகைச்சுவை நடிகன். நம் ராஜபார்ட்டுக்கு அங்கே ‘ஓராங் மூடா’. நாயகிக்கு ‘ஸ்ரீ பங்கோங்’. காட்சிகளுக்கு நடுவே ஆட்டமும் பாட்டுமாக ‘எக்ஸ்ட்ரா டர்ன்’. அராபியக் கதையும் ஹாம்லெட்டும் ஒரே குழுவின் பட்டியலில் அடுத்தடுத்து வரும். லக்னோவில் அமானத் எழுதிய ‘இந்திரசபா’ பார்சி மேடை வழியே தமிழுக்கும் வந்தது, மலாய்க்கும் போனது. நம் கம்பெனி நாடகமும் பங்சாவானும் ஒரே வீட்டில் பால்குடித்த பிள்ளைகள் என்றால் மிகையில்லை. ஆனாலும் தமிழ் நாடக ஆய்வு சங்கரதாஸ் சுவாமிகளையும் பம்மல் சம்பந்த முதலியாரையும் பேசிவிட்டுக் கடற்கரையோடு நின்றுவிடுகிறது.

கட்டடம் இல்லாத கலைக்குச் சான்று ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். விடையை ஆய்வாளர் தான் சூய் பெங் 1993இல் வெளியிட்ட பங்சாவான் நூல் காட்டிவிட்டது: பழைய நாளிதழ் விளம்பரங்கள், 78 சுழற்சி இசைத்தட்டுகள், முதிய நடிகர்களின் வாய்மொழி. கொட்டகையைப் பிரித்து, மூட்டை கட்டி, கப்பலேறிப் பத்தாவியாவரை போன குழுக்களின் தடம் இவற்றில்தான் கிடக்கிறது. நிலையான மேடையே ஊரில் கிடையாது என்றும் சொல்லிவிட முடியாது. கூ கொங்சி வளாகத்தில் குலக்கோயிலை நேர்பார்த்து ஒரு சீன ஆபெரா மேடை இன்றும் உண்டு. ஆனால் அதன் முதல் பார்வையாளர் தெய்வம்; சீட்டு வாங்கி வந்தவர்களை நம்பிப் பிழைத்த பங்சாவானின் கணக்கு வேறு.

அந்தக் கணக்கைப் பேசும்படம் தீர்த்தது. 1930களில் இந்தியாவிலிருந்து சென்ற பி. எஸ். ராஜ்ஹான்ஸ் சிங்கப்பூரில் ‘லைலா மஜ்னு’ எடுத்தபோது பங்சாவான் நடிகர்களே திரைக்குப் போனார்கள். 1971இன் தேசியப் பண்பாட்டு மாநாட்டுக்குப் பிறகு அரசு ஆதரவில் பங்சாவான் மீண்டும் மேடையேறியது, ‘மரபான மலாய் நாடகம்’ என்ற முத்திரையோடு. பார்சிப் படுதாவும் மாமாக் முதலாளியும் பல இனத்து நடிகர்களும் அந்த முத்திரைக்குள் அடங்கவில்லை. ஒரு கலப்புக் கலையைக் காப்பாற்ற அதன் கலப்பை மறைக்க வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது.

2008 ஜூலையில் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. டவுன் ஹால் பழுதுபார்க்கப்பட்டு நிற்கிறது. ‘அன்னா அண்டு தி கிங்’ (1999) படப்பிடிப்பு அங்கே நடந்தது. 2010இல் தொடங்கிய ஜார்ஜ் டவுன் விழாவால் ஊர் ஆண்டுதோறும் மேடைகளாகிறது. நல்ல காரியங்கள். ஆயினும் மரபுரிமைப் பட்டியல் ஓட்டையும் சுவரையும் எண்ணுகிற அளவுக்குப் படுதாவை எண்ணுவதில்லை.

பார்சி மேடை குறித்துத் தமிழ்த் துறைகள் இனி நடத்தும் கருத்தரங்குகளில் ஓர் அமர்வைப் பினாங்குக்கு ஒதுக்க வேண்டும். மலாய்ச் சான்றுகளை யார் படிப்பது என்ற தயக்கம் வேண்டாம். தமிழும் மலாயும் ஒருசேரப் படிக்கும் மாணவர்கள் மலேசியாவில் நமக்கு இருக்கிறார்கள்.