பெற்றோர் பெயரில்லாப் பதிவேடு: தென்கொரியாவின் வெளிநாட்டுத் தத்துப் பிள்ளைகள், 1955–2025

கொரியக் குழந்தைகள் வெளிநாடுகளுக்குத் தத்துப் போன வரலாற்றை எழுதுவோர் போரிலிருந்தே தொடங்குவது வழக்கம். அது பாதி உண்மைதான். 1950–53 போருக்குப் பின் முதலில் அனுப்பப்பட்டவர்களில் பலர், அயல்நாட்டுப் படைவீரர்களுக்கும் கொரியப் பெண்களுக்கும் பிறந்தவர்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநில விவசாயி ஹாரி ஹோல்ட்டும் மனைவி பெர்த்தாவும் எட்டுக் குழந்தைகளைத் தத்தெடுப்பதற்காக 1955இல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்றியது. ஆனால் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டது 1980களின் நடுவில். ஆண்டுக்கு எட்டாயிரத்துக்கும் மேல். அப்போது போர் ஓய்ந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. மணமாகாத தாயை ஒதுக்கிய சமூகம், ஏழைக் குடும்பங்களின் நலனுக்குப் பணம் ஒதுக்காத ராணுவ ஆட்சி, குழந்தைக்கு இவ்வளவு என்று வெளிநாட்டுக் கட்டணம் பெற்ற தத்து முகமைகள் ஆகிய மூன்றும் சேர்ந்தே அந்த எண்ணிக்கையை உயர்த்தின. இதுவரை சென்றவர்கள் ஏறத்தாழ 2,00,000 பேர். பெரும்பாலோர் அமெரிக்காவுக்கு, மற்றவர்கள் பிரான்ஸ், சுவீடன், டென்மார்க் முதலிய நாடுகளுக்கு.

இந்தப் பிள்ளைகளின் வளர்ப்பைத் தீர்மானித்த ஆவணம் ஒன்று உண்டு. தாய் உயிரோடிருந்த குழந்தைக்கும் தனியாக ஓர் அநாதைப் பதிவேடு தயாரிக்கப்பட்டது. அதில் பெற்றோர் பெயர் இராது. அநாதை என்று எழுதிவிட்டால் விசா விரைவில் கிடைக்கும். பின்னாளில் உரிமை கோரி யாரும் வரவும் முடியாது. பின்னாளில் ஆவணப்பட இயக்குநரான டியான் போர்ஷே லீம் 1966இல் கலிபோர்னியாவுக்கு அனுப்பப்பட்டது வேறொரு சிறுமியின் பெயரில். ஆங்கிலம் பழகியபின் தனக்குக் குடும்பம் இருக்கிறது என்று அவர் வளர்ப்புத் தாயிடம் சொன்னார்; அதெல்லாம் கனவு என்றார் அந்தத் தாய். அவர் கையிலிருந்த காகிதம் அப்படித்தானே சொன்னது! கொரியாவில் பெற்ற தாயைக் கண்டறிந்த கதையை லீம் 2000இல் ‘ஃபர்ஸ்ட் பெர்சன் புளூரல்’ என்ற ஆவணப்படமாக்கினார்.

முதல் தலைமுறை வளர்ப்புப் பெற்றோருக்குக் கிடைத்த அறிவுரை, நிறத்தைப் பாராட்டாமல் சொந்தப் பிள்ளையாக வளருங்கள் என்பதே. நல்லெண்ணம்தான். ஆனால் மினசோட்டா போன்ற மாநிலங்களின் வெள்ளையர் ஊர்களில், வகுப்பிலேயே தான் ஒருத்தி மட்டும் ஆசிய முகத்தோடு இருக்கும் சிறுமிக்கு அந்த அறிவுரை உதவவில்லை. பின்னர் கொரியப் பண்பாட்டைக் கற்பிக்கும் கோடை முகாம்கள் வந்தன. ஒரு வாரக் கிம்ச்சியும் மேளமும் ஆண்டு முழுவதும் பள்ளியில் கேட்கும் கேலிக்கு மருந்தாகும் என்று நம்பியது பெரியவர்களின் வசதிக்காகவே என்பேன். வெளிநாட்டிலிருந்து சுவீடனுக்குத் தத்துப் போனவர்களிடையே தற்கொலையும் மனநோயும் பிறரைவிடக் கூடுதல் என்று 2002இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. பெரும்பாலோர் அத்தகைய சிக்கலின்றி வளர்ந்தனர் என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்தது; மேற்கோள் காட்டுவோர் இதைப் பல வேளைகளில் விட்டுவிடுகிறார்கள்.

திருப்பத்தைக் கொண்டுவந்தவர்கள் வளர்ந்த பிள்ளைகளே. 1990களின் இறுதியில் சியோலிலும் வாஷிங்டனிலும் அவர்கள் அமைப்பாகத் திரண்டனர். 1998இல் அதிபர் கிம் தே-ஜுங் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். பிறப்பைப் பதிவதையும் நீதிமன்ற ஒப்புதலையும் கட்டாயமாக்கிய சட்டம் 2012இல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் வெளிநாட்டுத் தத்து வெகுவாகச் சரிந்தது. பதிவேட்டைச் சரிசெய்ததுமே எண்ணிக்கை விழுந்ததென்றால், அந்த எண்ணிக்கைக்கு அநாதைகள் மட்டும் காரணமல்ல என்றுதான் பொருள். 2025 மார்ச்சில் கொரிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 367 மனுக்களில் முதற்கட்டமாக 56இல் மனித உரிமை மீறல் நடந்ததை ஏற்றது. போலி அநாதைப் பதிவும் ஆள்மாறாட்டமும் அரசின் கண்காணிப்புக் குறைவால் நடந்தவை என்றும் கூறியது.

பெறும் நாட்டின் கணக்கு இன்னும் தீரவில்லை. தத்துப் பிள்ளைகளுக்குத் தானாகக் குடியுரிமை வழங்கும் அமெரிக்கச் சட்டம் 2001 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது, அன்று 18 வயதைக் கடந்திருந்தவர்களை அது சேர்த்துக்கொள்ளவில்லை. பெற்றோர் விண்ணப்பிக்கத் தவறியதால் குடியுரிமை பெறாமலே வளர்ந்தவர்களில் சிலர், மொழி தெரியாத கொரியாவுக்கு நாடு கடத்தப்பட்டிருக்கிறார்கள்.