பேரேட்டுத் தமிழும் நம்மைப் பற்றிய நூல்களும்

சங்கத்தின் பொன்விழா மலரில் வரலாறு பற்றி எழுதும் பொறுப்பைப் பெரியவர்கள் இம்முறை எங்கள் தலைமுறையிடம் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்தவர்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து, ஆள் வராத நேரத்தில் படித்த சில நூல்களைப் பற்றித்தான் எங்களால் சொல்ல முடியும்.

முதல் நூல் ‘ஹிக்காயாத் அப்துல்லா’. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் முன்ஷி அப்துல்லா, 1796 இல் மலாக்காவில் பிறந்தவர். அவருடைய கொள்ளுப்பாட்டனார் ஏமன் நாட்டு அரபி. நாகூருக்கு வந்து அங்கேயே பெண் எடுத்தவர். 1849 இல் அச்சான இந்தத் தன்வரலாற்றில் எங்களைப் பிடித்து நிறுத்திய இடம் ஒன்று உண்டு. சிறுவனான அப்துல்லாவைத் தந்தையார் தமிழ் படிக்க அனுப்புகிறார். இரண்டரை ஆண்டு படிக்கிறார். எதற்கு? மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது அன்றைய வழக்கம். கணக்கு எழுத அது வேண்டும், ஊரில் நிறைந்திருந்த வணிகர்களோடு பேசவும் அது வேண்டும். புலவர்கள் வளர்த்த தமிழைப் பற்றி மேடையில் நிறையக் கேட்டிருக்கிறோம். பற்று வரவு எழுதிய தமிழ் ஒரு துறைமுகத்தையே நடத்தியிருக்கிறது என்பதை ஒரு மலாய் நூல்தான் எங்களுக்குச் சொன்னது.

அப்துல்லாவின் பாட்டியார் நடத்திய ஓதல் பள்ளியில் ஏறத்தாழ 200 பிள்ளைகள் படித்தார்கள், ஆண் பெண் இருபாலாரும். சேட்டை செய்த பிள்ளைகளுக்கு என்னென்ன தண்டனைகள், விரலை நெரிக்கும் கட்டை எப்படி இருக்கும், புகை எப்படிப் போடுவார்கள் என்றெல்லாம் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். வரலாறு என்றால் ராஜாக்களும் கவர்னர்களும்தான் என்று நினைத்திருந்த எங்களுக்கு இது புதிதாக இருந்தது.

அடுத்தது, ரோனித் ரிச்சி எழுதி 2011 இல் சிகாகோ பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கில நூல். மதீனாவின் யூத அறிஞர் அப்துல்லா இப்னு சலாம், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டு, விடை பெற்று, இஸ்லாத்தை ஏற்ற கதையை அது பின்தொடர்கிறது. 1572 இல் வண்ணப்பரிமளப் புலவர் அதைத் தமிழில் ‘ஆயிரம் மசலா’ என்று பாடினார். மசலா என்றதும் மளிகைக்கடைக்காரர்களுக்கு வேறு ஞாபகம் வரும். இது கேள்வி என்று பொருள்படும் அரபுச் சொல். அதே கதை மலாயிலும் ஜாவா மொழியிலும் இருக்கிறது. ஒவ்வொரு மொழிக்காரரும் அதைத் தங்கள் ஊர்க் கதையாக்கிக்கொண்ட விதத்தை ரிச்சி எடுத்துக்காட்டுகிறார். பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் நாமும் எதில் ஒன்று, எதில் வேறு என்று நம் பிள்ளைகள் கேட்கும்போது, நீட்டி முழக்கும் பேச்சுகளைவிட இந்த ஒரு நூல் எங்களுக்கு உதவுகிறது.

கசீதா, முனாஜாத்து, கிஸ்ஸா, நாமா என்று நம் வீடுகளில் ராகத்தோடு பாடப்பட்டவற்றையெல்லாம் தேடித் தொகுத்து வரிசைப்படுத்தியவர் இலங்கைப் பாணந்துறையின் ம.மு. உவைஸ். தமிழுக்கு முஸ்லிம்கள் செய்த தொண்டு பற்றிய அவருடைய ஆங்கில ஆய்வு 1953 இல் நூலானது. பின்னர் பீ.மு. அஜ்மல்கானோடு சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார்.

நிலமும் பணமும் பற்றி அறிய, கூ சல்மா நசுத்தியோன் 2014 இல் வெளியிட்ட பினாங்குச் சூலியாக்கள் பற்றிய நூலைப் படிக்க வேண்டும். 1801 இல் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு 18 ஏக்கர் நிலம் கொடுத்ததிலிருந்து, வக்ஃப் சொத்துகள் யார் யார் கைக்கு எப்படிப் போயின என்பது வரை பத்திரம் பத்திரமாகச் சொல்கிறது. சில இடங்களில் வாசிக்கும்போது வயிறு எரியும். பத்திரங்களும் உயில்களும் எங்கோ பத்திரமாக இருந்ததால்தான் அந்த நூலை எழுத முடிந்தது.

நம் பிரிக்பீல்ட்ஸ் என்ன ஆயிற்று? 1881 இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, கட்டடங்களைச் செங்கல்லால் கட்டச் சொன்னார்கள். அந்தக் காலச் சூளைகள்தான் இந்த இடத்துக்குப் பெயர் கொடுத்தன. 1886 இல் கிள்ளான் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியது. ரயில்வே வேலைக்கு வந்தவர்களைப் பற்றி நாங்கள் நிறையப் படித்துவிட்டோம். அவர்களுக்கு மாதக் கடனுக்கு அரிசி பருப்பு கொடுத்தவர்களும் சோற்றுக்கடை வைத்தவர்களும் எங்கள் கண்ணில் பட்ட நூல்களில் ஒரு வரியோடு சரி. அவர்களுடைய வரலாறு அவர்களின் பேரேடுகளில் இருந்தது. கடை கைமாறும்போது பழைய பேரேடு எடைக்குப் போகிறது. இன்றும் சில வீடுகளில், அலமாரிக்கு மேல், தமிழில் எழுதிய குறிப்பேடுகள் கிடக்கின்றன. சங்கத்திடம் கொண்டுவந்தால் நாங்களே படம் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பித் தருகிறோம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம்மைப் பற்றிய நூல்கள் தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் சிதறிக் கிடக்கின்றன. தேசியப் பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நன்னிமார் பலருக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. முன்ஷி அப்துல்லாவின் நூல் ரூமி எழுத்தில் கிடைக்கிறது. அந்த ஓதல் பள்ளித் தண்டனைகள் வரும் பகுதியைப் பேரன் உரக்கப் படிக்கட்டும். தம் மதரசாவில் லெப்பை பிரம்பை எங்கே சொருகி வைத்திருந்தார் என்று நன்னி சொல்லத் தொடங்கினால், பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்ளட்டும்.