பூல்: பலமா அடிச்சும் பந்து குழிக்குள் போகலையா? பழைய சாம்பியன்களின் பிடியைப் பாருங்க!

நாவலூர் பக்கம் வேலை முடிந்து பூல் ஆடப் போகிறவரா நீங்கள்? குறி சரியாக இருந்தும் பந்து குழியைத் தவறவிட்டால், முதலில் கவனிக்க வேண்டியது கியூவைப் பிடிக்கும் பின்கையைத்தான்.

இறுக்கிப் பிடித்தால் என்ன ஆகும்?

மணிக்கட்டு திருகிக்கொள்ளும். கியூ நேர்கோட்டை விட்டு விலகும். பலமாக அடிக்க அடிக்க இந்தத் தவறு பெரிதாகும்.

அந்தக் கால வீரர்கள் எப்படி ஆடினார்கள்?

அன்றைய மேஜைகளில் ரோமம் நிறைந்த கம்பளித் துணி இருந்ததால் பந்து மெதுவாகத்தான் உருளும். அதனால் நீளமான, சீரான வீச்சு தேவைப்பட்டது.

'ஸ்லிப் ஸ்ட்ரோக்' என்றால் என்ன?

அமெரிக்க வீரர் 'கவ்பாய்' ஜிம்மி மூர் இதற்குப் பெயர் பெற்றவர். அடிப்பதற்கு முன் பின்கை பிடியைத் தளர்த்தி, கியூவின் மீதே பின்னோக்கி வழுக்கும். அங்கே பிடித்து, அப்படியே முன்னே செலுத்துவார்.

இன்று இது தேவையா?

இப்போதைய துணியில் பந்து வேகமாக ஓடும். எனவே அந்த வழுக்கல் கட்டாயமில்லை. ஆனால் லேசான பிடி இன்றும் அவசியம்.

எப்படிப் பழகலாம்?

கியூவை விரல்களில் தாங்குங்கள், உள்ளங்கையில் நசுக்காதீங்க. தோளை ஆட்டாமல் முழங்கைக்குக் கீழே உள்ள கையை மட்டும் ஊஞ்சல்போல அசையுங்கள். வெள்ளைப் பந்தைத் தொட்டதும் நிறுத்தாமல் கியூவை முன்னே போகவிடுங்கள்.

ஸ்னூக்கர் விதிகள் உருப்பெற்ற ஊட்டி கிளப் மேஜைக்கும் இந்தப் பாடம் பொருந்தும்!